எந்தப் புதையலைத் தோண்டுகிறீர்கள்?



உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவியைக் கையில் ஏந்தி, ஓய்வு நாட்களில் வயலிலும் கடற்கரையிலும் பொன் தேடித் திரிவது மேல்நாட்டார் பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. நம் இலங்கையிலோ அந்த ஆசை பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதில்லை. பழைய விகாரைகளின் அருகிலும் பாழடைந்த இடங்களிலும் இரவோடு இரவாகக் குழி தோண்டிப் பிடிபட்டவர்களைப் பற்றி நாளேடுகளில் அடிக்கடி வாசிக்கிறோம். அனுமதிப்பத்திரம் இன்றித் தொல்பொருள் தேடி நிலத்தை அகழ்வதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் தடுக்கிறது. அயலவர் புனிதமாகப் போற்றும் இடத்தைச் சிதைப்பதோ சட்டத்துக்கு மட்டுமன்றி, அன்புக்கும் விரோதமானது.

இன்னொரு கேடும் உண்டு. புதையலைப் பூதம் காக்கிறது என்று சொல்லும் மந்திரவாதியை நம்பி, நாள் பார்த்து, பலி கொடுத்துத் தோண்டுவோர் இருக்கிறார்கள். ஞானஸ்நானத்தில் பசாசை விட்டுவிடுகிறேன் என்று வாக்களித்தவர், பொன்னுக்காக அதற்கே சேவல் அறுக்கலாமா? மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து அந்தச் செலவைச் செய்கிறவர், வீட்டில் இருக்கும் பொன்னை இழந்து, இல்லாத பொன்னைத் தேடுகிறார் அன்றோ!

அப்படியானால் புதையலைக் கண்டெடுப்பதே பாவமா? இல்லை. 1961ஆம் ஆண்டில் நம் தென்கிழக்குக் கடலில், கிரேட் பாசஸ் பாறைத்தொடரின் அருகே, மைக் வில்சன் என்பவர் இரு சிறுவர்களுடன் நீரடியில் படம் பிடிக்கப் போனார். எதிர்பாராமல் அங்கே ஒரு பழைய கப்பலின் சிதைவும் வெள்ளி நாணயங்களும் அகப்பட்டன. அவருடைய நண்பரும் கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளருமான ஆதர் சி. கிளார்க் அந்தக் கதையைப் பின்னர் நூலாக எழுதினார். பேரரசர் அவுரங்கசீப்பின் காலத்தில், 1702ஆம் ஆண்டளவில், சூரத் நகரில் அச்சிட்ட ரூபாய்கள் அவை. பையில் இட்டபடியே உப்புநீரில் ஒட்டி இறுகி, பாறைக் கட்டிகளாய்க் கிடந்தன. இரண்டரை நூற்றாண்டாக அந்த வெள்ளி ஒரு ஏழைக்கும் ஒரு பிடி சோறு வாங்கித் தரவில்லை. நாணயங்களில் அரசரின் பெயர் இருந்தது. அவற்றை ஏற்றிவந்த மாலுமிகளின் பெயர் ஒன்றும் அவற்றில் இல்லை.

அந்த நாணயங்கள் அச்சான அதே காலத்தில் வேறொரு புதையல் வேட்டையும் இத்தீவில் நடந்துகொண்டிருந்தது. 1687இல் கோவாவிலிருந்து வந்த புனித யோசப் வாஸ் அடிகளார், கழுத்தில் செபமாலையுடன் பிச்சைக்காரர் கோலத்தில் வீடு வீடாகச் சென்றார். ஒல்லாந்தரின் தடைக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைத் தேடிக் கண்டுபிடித்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரே கைவிட்டுப் போன நோயாளிகளைத் தேடிச்சென்று பணிவிடை செய்தார். அவர் தேடியது மனிதரை. 2015ஆம் ஆண்டு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அந்த வேட்டையின் பெருமையைத் திருச்சபை முழுவதும் கொண்டாடியது.

நம் ஆண்டவரும் புதையலை உவமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நிலத்தில் புதையலைக் கண்டவன் அதை இரவில் களவாடவில்லை. தன் உடைமை அனைத்தையும் விற்றான், அந்த நிலத்தையே விலைக்கு வாங்கினான், அதுவும் மகிழ்ச்சியோடு. நம் புதையல் வேட்டைக்காரர் விரும்புவதோ விலை கொடாத செல்வம். விலை கொடாமல் விண்ணரசு கிடைப்பதில்லை.

இந்த உவமையை இன்னொரு விதமாகவும் தியானிக்கலாம். அந்த மனிதன் கிறிஸ்து. நிலம் இவ்வுலகம். புதையலோ நீங்களும் நானும். தமக்குரிய அனைத்தையும் கொடுத்து அவர் நம்மை வாங்கிய நாளே பெரிய வெள்ளிக்கிழமை.

கொலன்னாவை வாசகர்களே, 2017ஆம் ஆண்டின் பெரிய வெள்ளிக்கிழமையை மறந்திருக்கமாட்டீர்கள். சித்திரைப் புத்தாண்டும் அன்றுதான், ஏப்ரல் 14. அன்று பிற்பகல் மீதொட்டமுல்லயில் கொழும்பு நகரின் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். படைவீரரும் ஊராரும் நாட்கணக்காக அங்கே தோண்டினார்கள். பொன்னுக்காக ஒருவரும் தோண்டவில்லை. ஒரு தாயை, ஒரு பிள்ளையைத் தேடித் தோண்டினார்கள். நகரம் வேண்டாமென்று வீசியெறிந்ததன் கீழே, கிறிஸ்து உயிரைக் கொடுத்து வாங்கிய புதையல்கள் கிடந்தன. அந்த மேடு மலையாக வளர்ந்த ஆண்டுகளில் அதன் அடிவாரத்தில் வாழ்ந்தவர்களை நாம் எத்தனை பேர் தேடிப் போனோம்?

ஆகவே அன்பர்களே, தேடும் ஆசையை அணைத்துவிடாதீர்கள். அதை நல்வழியில் திருப்புங்கள். விடுமுறையில் பழைய நாணயம் சேர்க்க விரும்பும் மகனை ஏசவேண்டாம். நேர்மையான வழியில் சேர்க்கக் கற்றுக்கொடுங்கள். ஆனால் இந்த வாரம் ஒரு மணி நேரத்தை வேறொரு தேடலுக்கு ஒதுக்குங்கள். கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட அயல்வீட்டுக்காரர், பேச்சு முறிந்துபோன சகோதரர், பின் அறையில் தனித்துக் கிடக்கும் மூதாட்டி—அவர்களிடம் போங்கள். கௌரவத்தையும் கோபத்தையும் சற்று விற்றுவிட்டுப் போங்கள். அதுதான் விலை. புதையல் அங்கே இருக்கிறது.