உடன்பட்டவனுக்கு அநீதி உண்டா?

தானே விரும்பி உடன்பட்டவனுக்கு இழைக்கப்படுவது அநீதியாகாது என்பது உரோமச் சட்டத்தின் பழைய கோட்பாடுகளுள் ஒன்று. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சட்ட அறிஞர் உல்பியனின் பெயரோடு அது வழங்கி வருகிறது. உரோமப் பேரரசு மறைந்துவிட்டது, அக்கோட்பாடு மறையவில்லை. மெல்பேண் நகரத்து உணவகமொன்றின் சமையற்கட்டிலே, நள்ளிரவில், சட்டம் விதித்த ஊதியத்தின் பாதிக்குப் பாத்திரம் கழுவும் வெளிநாட்டு மாணவனைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் அது மீண்டும் உயிர்பெறுகிறது. "யார் அவனைக் கட்டாயப்படுத்தினார்கள்? கூலி இவ்வளவுதான் என்று முதலிலேயே சொன்னோம், சம்மதித்துத்தானே வந்தான்? விருப்பமில்லையென்றால் போகலாமே!" முதலாளி மட்டுமன்றி, மாணவனின் உறவினரும், சில வேளைகளில் மாணவனுங்கூட இவ்வாறே பேசக் கேட்கிறோம். இந்த நியாயம் நியாயந்தானா என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் வினா.

முதலில் நிலைமையைக் காண்போம். 2015 ஆகஸ்டில், அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் ஃபெயார்ஃபக்ஸ் பத்திரிகைகளும் சேர்ந்து, செவன்-இலெவன் என்னும் கடைத்தொடரில் நடந்தவற்றை வெளிக்கொணர்ந்தன. அக்கடைகளில் இராப்பகலாக நின்றோரிற் பெருந்தொகையினர் வெளிநாட்டு மாணவர். அன்றைய விதிப்படி, கற்கை நடைபெறும் காலத்தில் மாணவனொருவன் இரு வாரங்களுக்கு 40 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். கடையை நடத்தியோர் பலர் அவனைக் கொண்டு அதனிலும் இருமடங்கு நேரம் வேலை வாங்கினர். ஏட்டிலோ பாதி நேரத்தையே பதிந்தனர். கணக்குப் புத்தகம் சுத்தமாயிருந்தது, மணிக்கூலி பாதியாயிற்று. இது அம்பலமான பின்னர், சம்பளத்தை ஒழுங்காக வங்கியில் இட்டுவிட்டு அதில் ஒரு பகுதியைக் காசாகத் திருப்பி வாங்கும் வழக்கமும் கைக்கொள்ளப்பட்டது. ஈற்றில் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்ட தொகை 15 கோடி டொலருக்கும் மேல்.

இஃது ஒரு கடைத்தொடரின் கதை மட்டுமன்று. சிட்னியிலுள்ள இரு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த லோரி பேர்க், பசீனா ஃபாபன்ப்ளூம் ஆகிய சட்ட ஆய்வாளர், தற்காலிக வீசாவில் வந்த 4,322 பேரை வினவி 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதன்படி மாணவருள் நாலிலொரு பங்கினர் மணிக்கு 12 டொலரோ அதனிலும் குறைவாகவோ பெற்றனர். அப்போது சட்டம் விதித்த ஆகக் குறைந்த ஊதியம் 17.70 டொலர். உரியதைப் பெறவில்லை என உணர்ந்தவருள், அதனை மீட்க முயன்றவர் பத்திலொருவரிலும் குறைவு. இவற்றினும் முக்கியமான செய்தி ஒன்றை அவ்வறிக்கை கூறிற்று: குறைந்த கூலி பெற்றவருட் பெரும்பாலோர் அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதை அறிந்தேயிருந்தனர்.

ஆகவே இதனை அறியாமையின் விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. மாணவருக்கு அவர்தம் உரிமைகளை எடுத்துரைத்தாற் போதும், பல மொழிகளிலே துண்டுப் பிரசுரம் அச்சிட்டு விநியோகித்தாற் போதும் என எண்ணும் நல்ல மனிதர் பலருளர். துண்டுப் பிரசுரம் சொல்வதை மாணவன் ஏற்கெனவே அறிவான். அறிந்தும் உடன்படுகிறான். அறிந்து உடன்படுவதுதானே உண்மையான உடன்பாடு என்று முதலாளி மறுபடியும் கேட்கலாம்.

அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலிலே புயலில் அகப்பட்ட கப்பலொன்றை உதாரணங் காட்டுகிறார். கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிகிறான் மாலுமி. அவன் கை தானாகவே எறிகிறது. ஒருவரும் அவன் கையைப் பிடித்துத் தள்ளவில்லை. ஆயினும், புயலில்லாத வேளையில் எவனும் தன் சரக்கைக் கடலில் எறிவதில்லை. இத்தகைய செயலை விருப்பும் விருப்பின்மையும் கலந்த செயல் என அவர் கொண்டார். நமது மாணவனின் உடன்பாடும் இவ்வகையினதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கடற்புயலை எவரும் உண்டாக்குவதில்லை. இந்தப் புயலுக்குக் கர்த்தாக்கள் இருக்கிறார்கள்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 2024 மே மாதம் முதல், மாணவ வீசா கோரும் ஒருவர் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 29,710 டொலர் தம்மிடம் உண்டு எனக் காட்டவேண்டும் என அவுஸ்திரேலிய அரசு விதித்தது. பல்கலைக்கழகக் கட்டணம் இதிற் சேராது. வீசா விண்ணப்பக் கட்டணம் 2024 யூலையில் 710 டொலரிலிருந்து 1,600 ஆகவும், மறு ஆண்டு 2,000 ஆகவும் உயர்ந்தது. வேலை நேரம் 2023 யூலை முதல் இரு வாரங்களுக்கு 48 மணித்தியாலம் என வரையறுக்கப்பட்டது. ஆகக் குறைந்த ஊதியமோ 2025 யூலையில் மணிக்கு 24.95 டொலராயிற்று. அனுமதிக்கப்பட்ட நேரம் முழுவதும் இவ்வூதியத்திற்கு வேலை செய்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 31,100 டொலர் வரும். வரிக்கு முன், அரசு கூறும் வாழ்க்கைச் செலவுக்கு அது மட்டுமட்டாகப் போதும். மணிக்கு 15 டொலர்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 18,720. துண்டு விழுவது ஏறக்குறைய 11,000 டொலர். அதை நிரப்ப அவன் இரு வாரங்களுக்கு மேலும் 28 மணித்தியாலம் உழைக்கவேண்டும். (விடுமுறைக் காலத்தில் நேர வரம்பு இல்லை என்பதை விட்டுவிட்டுப் பருமட்டாகவே கணக்கிடுகிறோம்.) அதாவது, கூலி குறைந்தமையாலேயே அவன் வீசா நிபந்தனையை மீறுகிறான்; நிபந்தனையை மீறியமையால் முறையிட அஞ்சுகிறான்; முறையிட அஞ்சுவான் என்பதனாலேயே முதலாளி கூலியைக் குறைக்கிறான். இந்த வட்டத்தினுள் எந்த இடத்தில் நின்று மாணவன் சுதந்திரமாகச் "சம்மதம்" என்றான் என்பதை, உடன்பாட்டைப் பற்றிப் பேசுவோர் நமக்குச் சுட்டிக்காட்ட வேண்டும்.

நேர வரம்பு மாணவனின் படிப்பைக் காக்க விதிக்கப்பட்டது என்பர். அதை நம்ப நாம் தயார். 2020ஆம் ஆண்டு மட்டும் நம் நினைவிலிருந்து அழிந்துவிட வேண்டும். அவ்வாண்டு மார்ச்சில் தொற்றுநோய் பரவி, முதியோர் இல்லங்களிலும் பெருங்கடைகளிலும் ஆட்பற்றாக்குறை ஏற்பட்டபோது, அங்கு வேலை செய்த மாணவருக்கு அவ்வரம்பு தளர்த்தப்பட்டது. ஏப்பிரல் 3ஆம் திகதி, தம்மைத் தாமே பராமரிக்க முடியாத வருகையாளர் தம் நாடுகளுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்ற பொருள்படப் பிரதமர் ஸ்கொட் மொறிசன் பேசினார். வேலையிழந்தோரைத் தாங்க அரசு வகுத்த சம்பள உதவித் திட்டத்தில் மாணவருக்கு இடமளிக்கப்படவில்லை. முதியவரைக் குளிப்பாட்டும் கை வேண்டும், அலுமாரியில் அரிசி மூட்டை அடுக்கும் கை வேண்டும். கைக்குரியவன் பசித்தால் அது அவனது நாட்டின் பொறுப்பு! 2022 ஜனவரியில் மீண்டும் ஆட்பற்றாக்குறை தலைதூக்கியபோது நேர வரம்பு அனைவருக்கும் நீக்கப்பட்டது. 2023இல் திரும்ப வந்தது. படிப்பைக் காக்கும் வேலி, முதலாளிக்கு ஆள் தேவைப்படும்போதெல்லாம் திறந்துகொண்டது.

இம்மாணவன் அந்நாட்டின் பொருளாதாரக் கணக்கில் எவ்வாறு பதியப்படுகிறான் என்பதும் நோக்கத்தக்கது. 1950 ஜனவரியில் கொழும்பிலே கூடிய பொதுநலவாய வெளிவிவகார அமைச்சர் மாநாட்டிற் கருக்கொண்ட கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆசிய மாணவர் அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றனர். அத்திட்டத்தைத் தர்மகாரியமெனப் போற்ற நாம் வரவில்லை. பொதுவுடைமை ஆசியாவிற் பரவும் என்ற அச்சம் அதன் பின்னே இருந்தது. 'வெள்ளை அவுஸ்திரேலியா'க் கொள்கையும் அன்று நடைமுறையிலிருந்தது. ஆயினும் அம்மாணவர் விருந்தினராகக் கருதப்பட்டனர். 1980களின் நடுப்பகுதியில் முழுக் கட்டணம் செலுத்தும் மாணவரைச் சேர்க்க வழி திறக்கப்பட்டது. அதன்பின் கல்வி ஏற்றுமதிப் பண்டமாயிற்று. 2023-24 நிதியாண்டில் அவ்வேற்றுமதியின் பெறுமதி ஏறத்தாழ 5,100 கோடி டொலர். இரும்புத்தாது, நிலக்கரி, எரிவாயு ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் வைத்து எண்ணப்படுவது. விசித்திரம் என்னவெனில், இப்பண்டம் கப்பலேறுவதில்லை. மாணவன் செலுத்தும் கட்டணத்தோடு அவன் கொடுக்கும் வீட்டு வாடகையும், வாங்கும் பாணும் பருப்பும் ஏற்றுமதியாகவே கணக்கிடப்படுகின்றன. மெல்பேணில் பாத்திரம் கழுவி உழைத்த காசை மெல்பேண் வீட்டுக்காரனுக்கு வாடகையாகக் கொடுத்தாலும் அது ஏற்றுமதி வருமானந்தான்!

இனி நமது வினாவின் மையத்துக்கு வருவோம். கூலியை இருவரின் உடன்பாடே தீர்மானிக்கட்டும் என்ற வாதத்துக்கு, அவுஸ்திரேலியாவே ஒரு நூற்றாண்டுக்கு முன் விடை கூறிவிட்டது. 1907 நவம்பரில், மெல்பேணின் மேற்குப் புறத்திலுள்ள சன்ஷைனில் இயங்கிய மக்கேயின் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை பற்றிய வழக்கில், நீதிபதி ஹிக்கின்ஸ் தீர்ப்பளித்தார். நியாயமான கூலி எது? சந்தைப் பேரத்தில் படிந்த தொகையன்று என்றார் அவர். நாகரிக சமுதாயமொன்றில் மனிதனாக வாழும் சராசரித் தொழிலாளியின் தேவைகளே அளவுகோல் எனக்கொண்டு, மனைவியும் மூன்று பிள்ளைகளுமுள்ள ஒருவனுக்கு நாளொன்றுக்கு 7 ஷில்லிங் என நிர்ணயித்தார். பசித்தவன் பேரம் பேச இயலாது என்ற எளிய உண்மை அங்கே சட்டமாயிற்று. ஆனால் அதே தேசம், ஆறாண்டுகளுக்கு முன்னரே, 1901இல், வெள்ளையரல்லாதோர் நுழையாதபடி குடிவரவுச் சட்டமும் இயற்றியிருந்தது. நீதியான கூலி என்னும் தளத்தை இட்டவர்கள் அதைச் சுற்றி வேலியும் அடைத்தார்கள். வேலி 1973 அளவில் சட்டத்திலிருந்து அகற்றப்பட்டது. இன்றைய மாணவன் தளத்தின்மேல் நிற்பதாகச் சட்டம் கூறுகிறது. அவன் கால்களோ வேறொன்றைக் கூறுகின்றன. உணவுப் பொதியைச் சைக்கிளில் சுமந்து செல்பவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தொழிலாளியே அல்லன், சுயாதீன ஒப்பந்தகாரன் என்றார்கள்; ஆகவே ஆகக் குறைந்த ஊதியம் அவனைத் தீண்டவில்லை. 2020 செப்டெம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் சிட்னியிலும் மெல்பேணிலுமாக இத்தகையோர் ஐவர் வீதி விபத்துக்களில் மாண்டனர்.

ஹிக்கின்ஸின் தீர்ப்பிலே இன்னொரு கருத்தும் உள்ளடங்கியுள்ளது. ஆகக் குறைந்த ஊதியம் தனியொருவனின் உடைமையன்று. வேண்டாமென்று அவன் விட்டுக்கொடுக்க அது அவனுடையது மட்டுமன்று. 1856 ஏப்பிரல் 21ஆம் திகதி, மெல்பேண் பல்கலைக்கழகக் கட்டட வேலையிலிருந்த கல்தச்சர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு ஊர்வலமாகச் சென்றனர். எட்டு மணிநேர வேலைநாளை வென்றனர். "எனக்குப் பத்து மணிநேரம் உழைக்கச் சம்மதம்" என்று அவர்களுள் ஒருவன் சொல்லியிருந்தால் அது அவனது சொந்த விவகாரமாக இருந்திருக்குமா? அடுத்த நாளே மற்றவருக்கும் பத்து மணிநேரம் என்றாகியிருக்கும். 12 டொலருக்கு உடன்படும் மாணவனும் தனக்காக மட்டும் உடன்படுவதில்லை. அடுத்த விமானத்தில் வந்திறங்கும் நேபாளத்துப் பையனின் கூலியையும், அக்கடையில் முன்பிருந்த உள்ளூர்த் தொழிலாளியின் கூலியையும் அவனறியாமலே அவன் நிர்ணயிக்கிறான். உல்பியனின் கோட்பாடு இங்கே பொருந்தாமற் போவதற்கு இதுவே காரணம். உடன்பட்டவனுக்கு அநீதியில்லை என்று வாதத்துக்கு ஏற்றாலும், உடன்படாதவர் பலர் அவ்வுடன்பாட்டினால் இழக்கிறார்கள்.

அப்படியாயின் மாணவனும் குற்றவாளியா? இவ்வினாவை நாம் தட்டிக்கழிக்கவில்லை. அடுத்து வருபவனுக்கு அவன் கடமைப்பட்டவனே. ஆயினும் மறுப்பதற்கு ஒருவன் கொடுக்கும் விலை, ஊரிலே தந்தை ஈடு வைத்த காணியும் அரைகுறையாக நின்றுபோகும் பட்டமுமாக இருக்கையில், மறுக்கவில்லையே என்று அவனைக் கடிவது, மறுப்பின் விலையை அவ்வளவு உயர்த்தியவர்களைத் தப்பவிடுவதாகும்.

இவ்விடத்தில் நம்மவர் வழக்கமாகக் கூறும் சமாதானம் ஒன்றுண்டு: "நாலு வருடம் கஷ்டப்பட்டால் நிரந்தர வதிவிடம் கிடைக்கும், இதுவும் ஒரு முதலீடுதான்." நிரந்தர வதிவிடம் பலருக்குக் கிடைப்பதில்லை என்பது ஒருபுறமிருக்க, முதலீட்டின் பலனை எவர் அனுபவிக்கிறார் எனக் கேட்கவேண்டும். மணிக்குப் பத்து டொலரை மாணவன் தன் எதிர்காலத்தில் முதலிடவில்லை. கடைக்காரரின் இன்றைய இலாபத்தில் முதலிடுகிறான். அக்கடைக்காரர் பல வேளைகளில் அவனது நாட்டவர், அவனது மொழி பேசுபவர். "தம்பி, நாங்களும் இப்படித்தான் வந்தோம்" என்று தோளிலே கைபோடுகிறார். முதல் வேலையை அவரே கொடுக்கிறார். பண்டிகை நாளில் வீட்டுக்கு அழைத்துச் சோறும் போடுகிறார். அந்தச் சோறு பொய்யன்று. அதனாற்றான் சம்பளத்தைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுகிறது. இனப்பாசம் வர்க்க உறவை மூடும் போர்வையாவதை நம் ஊர்த் தோட்டங்களிலும் சுருட்டுக் கொட்டில்களிலும் கண்ட நமக்கு இது புதிதன்று.

சட்டம் அண்மையில் சிறிது அசைந்திருக்கிறது. வீசாவைக் காட்டி மிரட்டிச் சட்டவிரோத வேலைக்குத் தொழிலாளியை உட்படுத்துவது 2024 யூலை முதல் முதலாளிமீது குற்றமாயிற்று. சுரண்டப்பட்டவர் வழக்கை நடத்தும்வரை நாட்டில் தங்கியிருக்க வழிசெய்யும் வீசாவொன்றும் அவ்வேளை பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. வேண்டுமென்றே ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி முதல் கூட்டாட்சிச் சட்டத்திற் குற்றச்செயலாகியது. மெல்பேண் தொழிற்சங்க மண்டபத்தில் 2018 முதல் குடிபெயர் தொழிலாளருக்கென ஒரு நிலையம் இயங்கத் தொடங்கியது. வெள்ளை அவுஸ்திரேலியாவை ஒரு காலத்தில் ஆதரித்த தொழிற்சங்க இயக்கமே இன்று அம்மண்டபத்தின் கதவை ஆசிய மாணவனுக்குத் திறப்பது சிறிய மாற்றமன்று. எனினும் அக்கதவைத் தட்டும் மாணவன், எத்தனை மணித்தியாலம் வேலை செய்தான் என்பதைத் தன் வாயாலேயே முதலிற் சொல்லவேண்டியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், ஊருக்குத் தொலைபேசி எடுத்துத் தந்தையிடம் காணி உறுதியைப் பற்றி விசாரிக்கிறான்.