ஓதுவோம், மருத்துவரிடமும் செல்வோம்



மயிலாப்பூரிலிருந்து ஒரு தாய் தம் 14 வயது மகனை நம்மிடம் அழைத்து வந்தார். "ஹஜ்ரத், பத்து நாளாகப் பிள்ளை தூங்குவதே இல்லை. விடிய விடியத் தொழுகிறான், ஓயாமல் பேசுகிறான். ஊரையே திருத்தும் பொறுப்பு தன்னிடம் தரப்பட்டிருப்பதாகச் சொல்கிறான்" என்றார். நாம் தண்ணீர் ஓதிக் கொடுத்தனுப்பினோம். வணக்கத்தில் இவ்வளவு ஆர்வமா என்று மகிழவும் செய்தோம். இரண்டே மாதத்தில் அப்பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல், உண்ணாமல், "நான் இருந்து என்ன பயன்?" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். ஓதியது தவறன்று. ஓதியதோடு நிறுத்தியதே நம் தவறு.

மருத்துவர்கள் இதை 'பைபோலார்', அதாவது இருதுருவ மனநோய் என்கிறார்கள். மனம் சில காலம் அளவின்றிப் பொங்கும். சில காலம் அடியோடு சோரும். பெரும்பாலும் வாலிபத்தின் தொடக்கத்தில் தலைகாட்டும். அதற்கு முன்பும் வருவதுண்டு. குடும்பத்தில் எவருக்கேனும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

குறும்பெல்லாம் நோயாகிவிடாது. பிள்ளை தன் இயல்புக்கு மாறாக, நாள்கணக்கில், தூக்கமின்றியும் களைப்பின்றித் திரிகிறதா? பேச்சு கட்டுக்கடங்காமல் ஓடுகிறதா? காரணமின்றிச் சீறுகிறதா? பின்பு வாரக்கணக்கில் ஒதுங்கி அழுகிறதா? இவற்றைத் தேதியோடு குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள்.

'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். நாளை வரன் வருமா என்று அஞ்சி மறைக்கிறோம். அந்த மறைப்பு எங்கே கொண்டு விடும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் மாண்டன. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். புத்தி பேதலித்தவர் தெளியும்வரை அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்றும் அருளினார்கள். அல்லாஹ் எழுதாத குற்றத்தை நாம் ஏன் பிள்ளையின்மீது எழுத வேண்டும்?

மருந்தை நாமாக நிறுத்தக்கூடாது. ரமலானில் இரவு விழிப்பும் நீர் குறைவும் இந்நோயாளிக்குக் கேடு செய்யலாம்; லித்தியம் உண்பவர் மருத்துவரைக் கேளாமல் நோன்பு பிடிக்க வேண்டாம். நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது. எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14416 என்ற இலவச அரசுத் தொலைபேசியில் கேட்கலாம்.

அப்பிள்ளை இன்று சிகிச்சையில் தேறி வருகிறான், அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானத். அதைப் பேணும் அறிவை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.