காப்போர்க்கு உரிமை உண்டா?

மறதி மனிதனுக்கு இயல்பு. ஏடு அம்மறதிக்கு அவன் இட்ட அணை. பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றை எழுதிவைத்த சமுதாயங்கள், தம் எளிய மக்களும் ஒருகாலத்தில் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று விட்டுச்சென்றன. ஆயின் ஏடும் அழியும். 1922 இல் டப்ளினில் அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதிக்குரிய குடிசன மதிப்பீட்டேடுகளிற் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை அறிந்தோர்க்கு, படியற்ற ஏட்டின் இழப்பு எத்தகையதென விளக்க வேண்டுவதில்லை.

இத்தகைய இழப்பைத் தடுக்க எழுந்த முயற்சிகளுள் மிகப் பரந்த ஒன்று, மோர்மன் திருச்சபையினர் அமெரிக்காவின் யூற்றாவில் 1894 இல் நிறுவிய குலமரபுச் சங்கத்தினுடையது. அது 1938 இல் ஏடுகளை நுண்படம் பிடிக்கத் தொடங்கிற்று. சோல்ற் லேக் நகருக்கு அண்மையில் மலையைக் குடைந்து அமைத்த காப்பறையில் ஏறத்தாழ 24 இலட்சம் சுருள்கள் சேர்ந்தன; அவற்றை எண்மியப் படிகளாக்கும் பணி 2021 இல் நிறைவுற்றது.

இப்பணிக்கெனப் பிறநாடு செல்லும் தொண்டர்களுட் பலர் ஓய்வுபெற்ற கணவனும் மனைவியுமாவர், ஊதியம் பெறாதோர். அவர்களின் நாள் ஆரவாரமற்றது. காப்பகத்தின் ஓர் அறையில், கீழ்நோக்கிய கமராவின் முன் ஏட்டை விரிப்பர், தூசி துடைப்பர், மடிப்பை நீவுவர், படம் எடுப்பர், அடுத்த தாளைப் புரட்டுவர். எழுத்து மங்கினால் மீண்டும் எடுப்பர். தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியிலே, தம் உறவினரல்லாதார் பெயர்களை இவ்வாறு மாதக்கணக்கிற் காக்கின்றனர்.

இத்துணைப் பொறுமைக்கு ஊற்று அவர்தம் சமய நம்பிக்கை. இறந்த முன்னோர்க்காக உயிருள்ளோர் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர் கொள்கை. அதற்கு முன்னோரின் பெயர் தேவை. இங்கேதான் அறவினா எழுகின்றது. யூத இன அழிப்பில் மாண்டோரின் பெயர்கள் இச்சடங்கிற் பயன்பட்டதை யூத அமைப்புகள் எதிர்த்தன. அதனை நிறுத்துவதாக 1995 இல் உடன்பாடு ஏற்பட்டது. 2008 இல் வத்திக்கானும் பங்குப் பதிவேடுகளை இச்சங்கத்திற்கு வழங்கவேண்டாமென ஆயர்களுக்குப் பணித்தது. நோக்கத்தை ஏற்காதோர், அந்நோக்கத்தால் விளைந்த பயனை ஏற்கலாமா?

பயன் நன்றாயின் நோக்கம் எதுவாயினும் ஆகுக என்பர் ஒரு சாரார். நோக்கம் பிழைத்தால் செயலும் மாசுறும் என்பர் மறுசாரார். இரண்டும் முழுமையல்ல. நோக்கம் ஏட்டிற்குள் நுழைகின்றதா என்பதே முதலில் ஆராயத்தக்கது. தொண்டன் தாளைத் தெரிந்தெடுப்பதில்லை. செல்வன் பெயருள்ள தாளுக்கும் அநாதையின் பெயருள்ள தாளுக்கும் ஒரே ஒளி, ஒரே கவனம். தந்தை பெயர் குறிக்கப்படாத குழந்தையின் பதிவை அக்குடும்பத்தார் மறைக்க விரும்பலாம். அதற்கிணங்கி இரு தாள்களைச் சேர்த்துப் புரட்டுபவன், அக்குழந்தைக்கிருந்த ஒரே சான்றைப் பறித்தவனாவான். மறைப்பின்றிப் படியெடுக்கும் இந்நடுநிலையே பணியை அறமாக்குகின்றது.

அதன் பெறுமதியை அமெரிக்கக் கறுப்பினத்தாரின் வரலாறு காட்டும். 1850, 1860 ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் அம்மக்கள் பெரும்பாலும் வயதும் பாலுமாகவே எண்ணப்பட்டனர், பெயர் இல்லை. உள்நாட்டுப் போரின் இறுதிக்கட்டத்தில் விடுதலை பெற்றோர்க்கென அமைந்த அரச பணியகத்தின் ஏடுகளில் அவர்களுட் பலர் பெயரோடு தோன்றுகின்றனர். அவ்வேடுகளுக்குப் பெயரடைவு ஆக்க 2015, 2016 ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் உழைத்தனர். பாட்டனின் பெயரை அங்கு முதன்முறை காணும் ஒருவன், அதனைப் படியெடுத்தவனின் சமயத்தை வினவுவானோ?

எனினும் காத்தல் வேறு. உரிமை கொள்ளல் வேறு. படியெடுத்தல் அனைவர்க்கும் செய்யும் தொண்டு. இறந்தவன் பெயரால் ஒரு சடங்கை நிகழ்த்துதலோ அவன் மீது கொள்ளும் உரிமை. அவன் மறுத்துரைக்க இயலாதவன். எனவே அவன் வழிவந்தோரின் மறுப்பு மதிக்கப்படல் வேண்டும். 1995 இன் உடன்பாட்டிற்கு அடிப்படை இதுவே. அம்மறுப்பு பயன்பாட்டின் மேற் செல்லுமேயன்றிப் பாதுகாப்பின் மேற் செல்லாது.

மறுப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. பிறர் எடுக்கும் படி வேண்டாமென்பவர், தாமே படியெடுத்தாக வேண்டும். ஏட்டைக் கொடாமலும் காவாமலும் பெட்டியிற் பூட்டிவைத்தல் இறந்தோரைப் பேணுதலாகாது. அது செல்லுக்கும் ஈரத்துக்கும் அவர்களை ஒப்படைத்தலேயாம். அந்நியன் ஒருவன் தன் நம்பிக்கையின் பொருட்டு ஆற்றும் பணியைக் குறைகூறுவது எளிது. அதனினும் செம்மையாக, உரியோர் தாமே அப்பணியை ஆற்றுவதன்றோ தக்க விடை?