உப்பின் பங்காளி

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் சித்தி, கிளினிக் நாளில் பெரட்டுக்குப் போவதில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அன்றைக்குக் கூலிக் கணக்கில் பேர் விழாது. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கிளினிக் கொப்பி, முந்தானையில் பஸ் காசு. சில மாதங்களுக்கு ஒரு தடவை இரத்தமும் எடுப்பார்கள். லயத்தில் கேட்பவர்களிடம் "சுகர் பாக்கிறாங்க" என்று சொல்லிவைத்திருக்கிறார். பார்ப்பது சீனியை அல்ல, லித்தியத்தை.

போன் பெட்டரியில் இருக்கிறதே, அதே லித்தியம்தான். சித்திக்கு அது மாத்திரை. இருபது வருடங்களுக்கு முன்பு அவர் நான்கு இரவு தூங்கவில்லை. நடுச்சாமத்தில் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். தோட்டத்தையே விலைக்கு வாங்கப்போவதாகச் சொல்லி, எடுத்த சீட்டுக் காசை வழியில் கண்ட பிள்ளைகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தார். அடுத்த மாதமே சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழும்பவில்லை. கோடாங்கி வந்தார், கயிறு கட்டினார். வீட்டார் தங்களுக்குத் தெரிந்த வழியையெல்லாம் அன்போடு பார்த்தார்கள். கடைசியில் ஒரு டொக்டர் அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே நோயின் இரண்டு முனைகளாகச் சேர்த்துப் பார்த்தார். இருமுனை நோய் என்பது அதன் பெயர். லித்தியம் இரண்டு முனைகளையும் நடுவுக்கு இழுத்து வைக்கிறது, ஏற்றத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே. இந்த நோயாளிகளிடையே தற்கொலையைக் குறைப்பதிலும் அதற்கு இணையான மருந்துகள் அதிகம் இல்லை.

இந்த மருந்தைப் புரிந்துகொள்ள உப்பிலிருந்து தொடங்க வேண்டும். கறியில் போடும் உப்பில் சோடியம் இருக்கிறது. மூலகங்களின் அட்டவணையில் சோடியத்துக்கு நேர் மேலே, அதே நிரலில் இருப்பது லித்தியம். 1817இல் சுவீடன் நாட்டு யோகான் ஆகஸ்ட் ஆர்வெட்சன் ஒரு கல்லுக்குள் அதைக் கண்டார். கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பெயரும் வந்தது. கல்லில் கிடைத்தாலும் உலோகங்களில் இதைவிட இலேசானது இல்லை. எண்ணெயில் போட்டால் மிதக்கும். சோடியத்துக்கு இது பங்காளி. நம் ஊர்களில் பங்காளி என்றால் ஒரே வம்சம், ஒரே காணியில் உரிமை. ஒருவர் இல்லாத இடத்தில் மற்றவர் வந்து உட்கார்ந்துகொள்வார். உடம்புக்குள் லித்தியம் செய்வதும் அதுதான்.

இரத்த நீரில் ஒரு லீற்றருக்குச் சோடியம் ஏறக்குறைய 140 மில்லிமோல் இருக்கும். மருந்தாக லித்தியம் இருக்கவேண்டியது 0.6 முதல் 1.0 வரை. 0.8 என்று வைத்துக்கொண்டால், நிறையில் ஒரு லீற்றருக்கு 5.6 மில்லிகிராம்தான். அந்தத் துளி அளவுக்கே மனித மனத்தைத் தரையில் நிறுத்துகிற பலம் இருக்கிறது. 1.5ஐத் தாண்டினால் அதுவே நஞ்சாகத் தொடங்கும். 2ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பலன் தரும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்துகள் கொஞ்சம்தான்.

இந்த அளவைக் காவல் காப்பது சிறுநீரகம். லித்தியத்தைக் கல்லீரல் உடைப்பதில்லை. அப்படியே சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை வடித்து, அதில் பெரும்பகுதியையும் அதிலுள்ள சோடியத்தையும் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இழுக்கும்போது பங்காளியையும் அடையாளம் தெரியாமல் சேர்த்து இழுக்கிறது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்துபோனால் இன்னும் பலமாக இழுக்கும், லித்தியமும் கூடவே தங்கிவிடும். ஒரு மாத்திரைகூடக் கூட்டி எடுக்காமலே ஒருவருடைய இரத்தத்தில் லித்தியம் ஏறுவது இப்படித்தான்.

இதை உலகம் கற்றது உயிர்களைக் கொடுத்து. அவுஸ்திரேலியாவின் மெல்பர்ன் அருகே பண்டூராவில் ஜோன் கேட் என்ற மனநல மருத்துவர் இருந்தார். சிங்கப்பூரின் சாங்கியில் மூன்றரை வருடம் ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்து திரும்பியவர். மனவெறிக்குக் காரணமான ஏதோ ஒரு பொருள் நோயாளியின் சிறுநீரில் இருக்கும் என்று நம்பி, அதைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அந்த நம்பிக்கை தவறானது. ஆனால் சிறுநீரிலுள்ள யூரிக் அமிலத்தைக் கரைப்பதற்காக அவர் துணைக்கு எடுத்த லித்தியம், துள்ளித் திமிறும் கினிப்பன்றிகளை மல்லாக்கப் போட்டாலும் பேசாமல் கிடக்க வைத்தது. தானே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஐந்து வருடங்களாக அடங்காத மனவெறியில் இருந்த ஒருவர் சில மாதங்களில் வீட்டுக்குப் போனார், வேலைக்கும் திரும்பினார். 1949இல் கேட் அதை எழுதி வெளியிட்டார். அந்த முதல் நோயாளியே மறுவருடம் லித்தியம் நஞ்சேறி இறந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே 1949இல் அமெரிக்காவில் இருதய நோயாளிகளுக்கு, கறியுப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைட்டை விற்றார்கள். ருசி உப்பைப் போலவே இருந்தது. உப்பை அறவே நிறுத்தியிருந்தவர்கள் அதை அள்ளித் தூவிச் சாப்பிட்டார்கள். சிறுநீரகம் என்ன செய்திருக்கும் என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை. சிலர் இறந்தார்கள், அந்த நாட்டில் இந்த மருந்து அனுமதி பெற 1970 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடையில் அதைக் காப்பாற்றியது ஒரு நிறம். லித்தியத்தைச் சுவாலையில் காட்டினால் கருஞ்சிவப்பாக எரியும். பாடசாலை ஆய்வுகூடத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்தச் சிவப்பின் பிரகாசத்தை அளந்தால் இரத்தத்தில் எவ்வளவு லித்தியம் என்று சொல்லிவிடலாம். சுவாலை ஒளிமானி என்ற கருவி அதைச் செய்தது. மெல்பர்னில் டிரவுட்னர் என்ற ஆய்வாளரும் டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கௌ என்ற மனநல மருத்துவரும் அளந்து கொடுக்கும் முறையை வளர்த்தார்கள். ஸ்கௌவின் தம்பிக்கே திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வு இருந்தது. அவருடைய விடாப்பிடிக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இப்போது வேறு கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் சித்தியின் கையில் ஏறும் ஊசிக்குப் பின்னால் இருப்பது அந்தச் சிவப்புத்தான்.

இனி தோட்டத்துக்கு வருகிறேன். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுப்பவை ஜூலை முதல் செப்டம்பர் வரையான மாதங்கள். தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிறது. அந்த வாட்டத்தில் துளிர் சுரக்கும் வாசனையைத்தான் உலகம் ஊவா மணம் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறது. இலையை வாட்டும் அதே காற்று கொழுந்தெடுக்கும் கையையும் வாட்டுகிறது. இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, சரிவில் வெயில். வியர்வையில் உப்பும் தண்ணீரும் போகும். லித்தியம் எடுப்பவர்களுக்கு இயல்பாகவே தாகம் கூடும், அடிக்கடி சிறுநீர் வரும். சித்தி கொழுந்தெடுக்கும் மலையில் கக்கூஸ் இல்லை. ஆகவே பெண்கள் என்ன செய்கிறார்கள்? காலையிலிருந்து தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். கிளினிக்கில் "நல்லாத் தண்ணி குடிக்கணும்" என்று சொல்லி அனுப்பியதை மலை தடுத்துவிடுகிறது. மலையில் ஒரு கக்கூஸ் கட்டுவதை நான் சித்தியின் மருந்துத் துண்டில் எழுதவேண்டிய விஷயமாகவே பார்க்கிறேன்.

அப்படி ஓர் ஆவணி மாதம். இடுப்பு வலி என்று டவுனில் ஒரு பாமசியில் மாத்திரை வாங்கியிருக்கிறார். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிடும். இரண்டு நாள் வயிற்றோட்டமும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் காலை வெறுந்தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார். கோப்பை பீங்கானில் தடதடவென்று அடித்தது, தேத்தண்ணி பாதி சிந்தியது. லித்தியத்தால் விரலில் வரும் மெல்லிய நடுக்கம் அவருக்குப் பழகியது. இது அந்த நடுக்கம் இல்லை, முழங்கை வரை ஆடியது. எழும்பி நடந்தார், கால் பின்னியது. பேச்சுக் குழறியது. பக்கத்து லயத்தில் ஒருவர் "காலையிலேயே கசிப்பா?" என்றார். பெரியாஸ்பத்திரியில் லித்தியத்தை நிறுத்தி, சேலைன் ஏற்றி, தினமும் இரத்தம் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் என்னைப் பார்த்து, "கை நிக்குது மகன், பாரு" என்று விரல்களை விரித்துக் காட்டினார்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் வந்தால் ஜீவனி உப்புத்தூளைக் கரைத்துக் குடிக்கவேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சொல்லவேண்டும். பிரஷருக்கென்று உப்பைத் திடீரென நிறுத்தக்கூடாது. சிறுநீரைக் கூட்டும் பிரஷர் மாத்திரைகள் சிலவும் லித்தியத்தை ஏற்றும், எனவே கொப்பியைக் காட்டாமல் எந்த மருந்தும் வாங்கக்கூடாது. தேத்தண்ணியிலும் ஒரு சங்கதி உண்டு. அதிலுள்ள கஃபீன் லித்தியத்தைக் கொஞ்சம் வேகமாக வெளியேற்றுகிறது. நாளுக்கு ஆறேழு கோப்பை குடிப்பவர் விரதமென்று ஒரேயடியாக நிறுத்தினால் அளவு ஏறலாம். சித்தியின் டொக்டர் அளவைப் பார்த்துக் கொடுக்கும் மருந்தில், அவர் தினமும் குடிக்கும் தேத்தண்ணியும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

மருந்தைத் திடீரென விடுவதும் ஆபத்துத்தான், நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பக்கூடும். 2022இல் நாட்டில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் வீட்டில் எஞ்சிய மாத்திரைகளை எண்ணி எண்ணி வைத்தோம். பல வருடம் எடுப்பவர்களுக்குத் தைரொயிட் சுரப்பியும் சிறுநீரகமும் தளரலாம் என்பதால் அவற்றையும் பார்க்கிறார்கள். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டொக்டரிடம் பேசவேண்டும்.

ஒரு தடவை சித்தி கேட்டார், "இது எங்கேருந்து வருது மகன்?" நான் வானத்தைக் காட்டினேன். பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில் உருவானவை ஹைட்ரஜனும் ஹீலியமும், கூடவே துளியளவு லித்தியமும். கணக்குப்படி இருக்கவேண்டிய லித்தியத்தில் மூன்றில் ஒரு பங்களவே பழைய நட்சத்திரங்களில் தெரிகிறது. மிச்சம் எங்கே என்று வானியலாளர்கள் இன்னும் தேடுகிறார்கள். சித்தி நமுனுகுல மலைக்கு மேலே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரத்தம் எடுப்பது கடைசி மாத்திரையிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து. ஆகவே முதல்நாள் இரவு எட்டு மணிக்கு மாத்திரை. காலை மாத்திரையைப் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டு முதல் பஸ். எட்டு மணிக்கு ஊசி. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்து, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு வெறுந்தேத்தண்ணி சொல்லிவிட்டு, முடிச்சை அவிழ்த்து மாத்திரையை வாயில் போடுகிறார்.