செவி திறந்த நேரம்

யாக்ஞவல்கிய மகரிஷி மைத்ரேயிக்கு ஆத்ம வித்தையை உபதேசிக்கும்போது சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்ற மூன்று படிகளைக் கூறுகிறார். கேட்டல், சிந்தித்தல், தியானித்தல். மூன்றில் எளிதாகத் தோன்றுவது முதற்படியே. செவி உள்ளவர் எவரும் கேட்கலாம் அல்லவா? ஆனால் காதில் விழும் ஒலியெல்லாம் சிரவணம் ஆகிவிடுவதில்லை. கேட்பவனின் உள்ளம் அடங்கும்போதுதான் சிரவணம் தொடங்குகிறது.

இந்த உண்மையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. நெப்ராஸ்கா பகுதியில் வாழும் ஓமஹா என்னும் பழங்குடியினரின் வாழ்க்கை முறையை ஆராயச் சென்றவர் ஆலிஸ் ஃபிளெச்சர் (1838–1923) என்ற அம்மையார். அம்மக்களின் புனிதப் பாடல்கள் முதலில் அவருக்கு வெறும் கூச்சலாகவே தோன்றின. முரசின் முழக்கத்தில் இசை அவர் செவிக்கு எட்டவில்லை.

1883-ஆம் ஆண்டு அவர் கடும் நோயுற்றுப் பல வாரங்கள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஓமஹா மக்கள் அவரைக் காண வந்தனர். முரசு இல்லாமல், மெல்லிய குரலில், தங்கள் பாடல்களை அவருக்காகப் பாடினர். அப்போதுதான் அப்பாடல்களின் இனிமையும் பொருளும் அவருக்குப் புலப்பட்டன. பாடல் மாறவில்லை, கேட்டவர் மாறியிருந்தார். ஆராய்ச்சியாளர் என்ற நிலை தளர்ந்து, பிறர் அன்பை ஏற்கும் எளிய உயிராக அவர் கிடந்த வேளையில் செவி திறந்தது.

நோய் தீர்ந்ததும், அதைக் கொண்டாட ஓமஹா மக்கள் 'வாவான்' என்னும் சடங்கை நடத்தினர். ஒருவருக்காகப் பாடுதல் என்பதே அச்சொல்லின் பொருள். உறவற்ற இருவரைத் தந்தையும் மகனுமாகப் பிணைத்துச் சமாதானத்தை நிலைநாட்டுவது அச்சடங்கின் நோக்கம். அங்கே பாடல் பொழுதுபோக்கு அன்று. அயலானை உறவினனாக்கும் மந்திரம். அதே 1883-இல்தான் அமெரிக்க அரசு, பழங்குடியினரின் புனித நடனங்களையும் அவர்களுடைய பூசாரி வைத்தியர்களின் சடங்குகளையும் குற்றங்களாக அறிவித்து விதிகள் வகுத்தது!

ஓமஹா குலத்தில் பிறந்த பிரான்சிஸ் லா ஃபிளெஷின் துணையுடன் அம்மையார் அப்பாடல்களை ஆராய்ந்து 1893-இல் நூலாக வெளியிட்டார். பின்னர் மெழுகு உருளைகளிலும் முதியோரின் குரல்கள் பதிவாயின.

ஆயினும் சிரவணம் முதற்படி மட்டுமே. அம்மையார் நோயுற்றது எந்தப் பணியின்போது? ஓமஹா மக்களின் பொது நிலத்தைத் தனித்தனிப் பங்குகளாகப் பிரித்தளிக்கும் அரசுப் பணியின்போது. அது அவர்களைக் காக்கும் என்று அவர் உளமார நம்பினார். ஆனால் காலப்போக்கில் அந்நிலத்தின் பெரும்பகுதி அயலார் கைக்குப் போய்விட்டது. பாடலைக் கேட்ட செவி, அதைப் பாடியவர்களின் மண்ணைப் பற்றிய கவலையை முழுமையாகக் கேட்கவில்லை.

1893-இல் சிகாகோ சர்வசமயப் பேரவையில் சுவாமி விவேகானந்தர் தம் நெறியின் சார்பில் தாமே முழங்கினார். அதே பேரவையில் அமெரிக்கப் பழங்குடியினரின் சமயம் பற்றிய கட்டுரையை வழங்கியவர் ஃபிளெச்சர் அம்மையார். அம்மண்ணின் மைந்தர் எவரும் தம் சமயத்தின் சார்பில் அங்கே பேசவில்லை. நல்லெண்ணம் கொண்டவர் பிறருக்காகப் பேசலாம்; ஆனால் அது அவர்களே பேசுவதற்கு ஈடாகாது.

காலம் மெல்லத் திருத்தியது. 1979-இல் தொடங்கிய திட்டத்தின் வழியே, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் மெழுகு உருளைகளில் இருந்த பாடல்களின் பிரதிகளை அந்தந்தக் குலத்தாரிடமே சேர்ப்பித்தது. மறைந்த பாட்டனாரின் குரல்கள் ஓமஹா பேரர்களிடம் திரும்பின. அருங்காட்சியகத்தில் நூறாண்டு இருந்த அவர்களின் புனிதத் தம்பம் 1989-இல் ஊர் சேர்ந்தது. 1993-இல் சிகாகோவில் மீண்டும் கூடிய சர்வசமயப் பேரவையில் பழங்குடிப் பெரியோர் நேரில் கலந்துகொண்டனர்.

முழுமையான சிரவணம் எப்படியிருக்கும் என்பதை சுவாமிஜியின் வாழ்விலேயே காணலாம். 1901-இல் பேலூர் மடத்து நிலத்தைச் சீர்செய்யச் சந்தால் பழங்குடித் தொழிலாளர்கள் வந்தனர். அவர்களுடன் அமர்ந்து பேசுவது அவருக்குப் பேரானந்தம். அவர்களின் துயரக் கதைகளைக் கேட்டுக் கண்ணீர் வடித்தார். கேட்டதோடு நிற்கவில்லை, ஒருநாள் அவர்களை அழைத்து வயிறார விருந்து படைத்தார். அவர்களிடம் சாட்சாத் நாராயணனையே கண்டதாகத் தம் சீடரிடம் சொன்னார். கேட்டல் கண்ணீராகி, கண்ணீர் சேவையாகி, சேவை தரிசனமாக நிறைவுற்றது.

நம் நாட்டின் மலைகளிலும் வனங்களிலும் இன்றும் இரவுகளில் முரசுகள் ஒலிக்கின்றன. அவற்றைக் கூச்சல் என்று ஒதுக்குவதும் பிழை. அரும்பொருள் என்று பதிவுசெய்து எடுத்துச் சென்றுவிடுவதும் பிழை. அப்பாடலில் இறைவனையும், அதைப் பாடுபவரிடம் நாராயணனையும் கேட்கும் செவியை அவன் அருள்வானாக!