அயிரையும் ஐவரும்

பழனியிலிருந்து கொழுமம் செல்லும் வழியில், பாப்பம்பட்டியை அடுத்து ஒரு குன்று தனித்து நிற்கின்றது. ஊர்மக்கள் அதனை ஐவர்மலை என்பர். வனவாசத்தின்போது பாண்டவர் ஐவரும் இங்குத் தங்கினர் என்பது அவர்தம் நம்பிக்கை. குகைத்தளத்தில் திரௌபதி அம்மனுக்கும் உச்சியில் பிள்ளையாருக்கும் கோயில்கள் உள்ளன. பழனிக்குச் செல்லும் பல்லாயிரவருள் இக்குன்றை நாடுவோர் மிகச் சிலரே. எழுபதைக் கடந்த முழங்கால்களோடு அண்மையில் நாம் இதன்மீது ஏறினோம்.

குகையின் மேற்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் 16 வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குப் பொறித்துள்ள பெயர்களுள் அச்சணந்தி அடிகளின் பெயரும் ஒன்று. வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்றும் இம்மலையில் உண்டு. குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர், திருவயிரையில் பார்சுவ படாரரையும் இயக்கியரையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்ததை அது கூறுகின்றது. அதிலே சக ஆண்டு 792 என்ற குறிப்பும் உள்ளது, அஃதாவது கி.பி. 870. அவ்வரசன் 862இல் அரியணை ஏறினான் என்று வரலாற்றாசிரியர் கணித்தது இதனைக் கொண்டுதான். ஆக, மலையின் பழம்பெயர் அயிரை. அது மக்கள் நாவில் திரிந்து ஐவர் ஆயிற்று. ஐவர் என்றானதும் கதை தானே வந்து சேர்ந்தது. சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகள் பலவும் பஞ்சபாண்டவர் படுக்கை ஆகிவிட்டதை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

நமக்கு முன்னே ஓர் அம்மையார் தூக்குவாளியில் பாலுடன் ஏறிக்கொண்டிருந்தார். குகை முன் நின்று, பாறையைக் கைகூப்பித் தொழுது, "அஞ்சு பேரும் அங்கதானுங்க இருக்காங்க" என்றார். நாம் சும்மா இருந்திருக்கலாம். நாற்பதாண்டுகள் சிவப்பு மையால் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? "எண்ணிப் பாருங்கள் அம்மா, ஐவருக்கு 16 உருவங்கள் எதற்கு?" என்று கேட்டு, அயிரை என்ற பெயரையும் கல்வெட்டையும் விளக்கினோம். அவர் விரல் நீட்டி எண்ணினார். பாதியில் நிறுத்திவிட்டு, "அப்ப எங்க ஆத்தா சொன்னதெல்லாம் பொய்யுங்களா?" என்றார். குரலில் சினம் இல்லை. சினந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

எஞ்சிய படிகளில் இக்கேள்வி நம்மை விடவில்லை. வாய்மை பத்து வகை என்பர் நம் ஆசாரியர். அவற்றுள் நாம சத்தியம் ஒன்று: தேவர் தராத பிள்ளையைத் தேவதத்தன் என்றழைப்பது பொய்யாகாது. ஒரு நாட்டார் வழங்கும் சொல் அந்நாட்டளவில் மெய் என்னும் ஜனபத சத்தியமும் உண்டு. அவ்வழி நோக்கின் அம்மையாரின் தாய் பொய் சொல்லவில்லை.

நம் நிலைதான் இடர்ப்பாடானது. தத்துவார்த்த சூத்திரம் பொய்மையை 'அசத்தைச் சொல்லுதல்' என வரையறுக்கின்றது. உள்ளதாயினும் இல்லதாயினும் உயிருக்குத் துன்பம் தருவதே அசத்து என்று பூஜ்யபாதர் அதற்கு உரை கண்டார். நாம் சொன்னது கல்லில் உள்ள உண்மை. எனினும் ஒரு மகளின் நெஞ்சிலிருந்த தாயின் சொல்லை அது இடறியது.

அங்ஙனமாயின் வாய் மூடியிருப்பதா அறம்? சாந்திவீரர் பெயரை நாமும் சொல்லாவிடின் வேறு யார் சொல்வர்? சிதைந்ததைப் புதுப்பித்த அவருக்கு நாம் செலுத்தக்கூடியது அந்தச் சொல் ஒன்றே. அதனைத் துறக்க நம் மனம் ஒப்பவில்லை. பாண்டவர் மூவர் சத்ருஞ்சயத்தில் வீடு பெற்றனர், இருவர் சர்வார்த்தசித்தி எய்தினர் என்று நம் புராணமும் கூறுவதால், ஐவர் நமக்கும் அயலார் அல்லர் என்று சற்றே ஆறுதல் கொண்டோம். ஆனால் அது படியேறும்போது ஊன்றிக்கொள்ளக் கிடைத்த கோல்; விடையன்று.

உண்மையைச் சொன்னது குற்றமன்று என்றே இன்றும் கருதுகின்றோம். சொன்ன கணத்தில் நம்முள் இருந்தது எது என்பதே வினா. கணக்குப் போட்டு ஒருவரை மடக்கிய மகிழ்ச்சி அங்கு இருந்தது. கசாயங்கள் நான்கனுள் மானம் என்பது அதுதான். இக்குகை பாழாகாதிருப்பதும், அத்திருவுருவங்களின் முன் இன்றும் கைகள் கூப்பப்படுவதும் ஐவர் என்ற அந்தப் பிழைப் பெயரால் அல்லவா? அதனை ஏறும்போது நாம் எண்ணவே இல்லை.

உச்சியில் சுனையருகே அம்மையார் நமக்காகக் காத்திருந்தார். நிழலில் நகர்ந்து இடம் தந்தார். எண்ணச் சொன்ன முறையிலேயே நம் தொழிலைக் கண்டுகொண்டார் போலும். "டீச்சரம்மா, அந்தப் பேர இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

"அயிரை" என்றோம், இம்முறை மெல்ல.

"அயிரையா? அது எங்க கொளத்து மீனுங்களே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். மீனைத் தீண்டாக் குடியிற் பிறந்த நாமும் உடன் சிரித்தோம். பின்னர் அவரே, யாரும் கேளாமல், 'அயிரமல' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஐவரையும் வாயார வாழ்த்திவிட்டுப் பாலை எடுத்துக்கொண்டு கோயிலுள் சென்றார்.