கே.எல். வண்டியும் லேடீஸ் வண்டியும்

மாதத்துக்கு ஒரு தடவை கோவையிலிருந்து திருச்சூருக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிறேன். மகள் அங்கே படிக்கிறாள். வாளையாறு, பாலக்காடு, ஆலத்தூர், வடக்கஞ்சேரி, குதிரான் சுரங்கம், மண்ணுத்தி என்று நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 42 வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். மாநில எல்லையைத் தாண்டி நானே ஓட்டிப் போவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அதனால் இந்தப் பயணம் எனக்கு மகளைப் பார்க்கப் போவது மட்டுமாக இருந்ததில்லை. வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் முதுகு கொஞ்சம் நிமிரும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அம்மாவும் கூட வந்தார். பாலக்காட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஓரிடத்தில் மேம்பால வேலைக்காக எல்லா வண்டிகளையும் சர்வீஸ் ரோட்டில் திருப்பிவிட்டிருந்தார்கள். ரோடு என்று அதைச் சொல்ல முடியாது. தண்ணீர் நிறைந்த குழிகள், எது எவ்வளவு ஆழம் என்று இறங்கினால்தான் தெரியும். பின்னால் ஒரு தனியார் பேருந்து. ஹாரனை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை. ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டான். ஒதுங்க இடமில்லை. கடைசியில் இடதுபக்கம் புகுந்து, என் கண்ணாடியைத் தட்டி மடக்கிவிட்டுச் சேற்றை வாரியடித்துக்கொண்டு போனான்.

"இந்த கே.எல். வண்டிக்காரனுங்களே இப்படித்தாம்மா" என்றேன்.

"ஆமா கண்ணு. இவங்க ஊர்ல ரோடும் கிடையாது, ஓட்டவும் தெரியாது" என்றார் அம்மா. அவருக்கு ஓட்டத் தெரியாது. கேரளத்துக்கு அதற்குமுன் குருவாயூர் போனதோடு சரி. ஆனால் இந்தத் தீர்ப்பைச் சொல்ல இரண்டும் தேவைப்படவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திருச்சூர் நகரத்துக்குள் நுழைந்தோம். வடக்குநாதர் கோயில் மைதானத்தைச் சுற்றி வரும் ஸ்வராஜ் ரவுண்டு ஒருவழிப் பாதை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் களைப்பில் தவறான பக்கம் திரும்பிவிட்டேன். நுழையக்கூடாது என்று சொல்லும் பலகைக்கு மொழியே வேண்டியதில்லை. சிவப்பு வட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். நான் பார்க்கவில்லை. எதிரே வந்த ஆட்டோக்காரர் பிரேக் போட்டு நின்றார். முதலில் என் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "பாண்டி வண்டி" என்றார். பிறகு குனிந்து உள்ளே பார்த்தார். "ஓ, லேடியாணு!" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

தமிழர்களைப் "பாண்டி" என்று அங்கே சிலர் அழைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பாண்டிய நாட்டுக்காரர் என்ற பொருளில் பிறந்த சொல் காலப்போக்கில் ஏளனமாகிவிட்டது. நேரில் வாங்கியது அன்றுதான். காது சூடாகிவிட்டது. தவறு என்னுடையது, முழுக்க முழுக்க. ஆனால் அந்த ஆட்டோக்காரரின் கணக்கில் அது எனக்கு வந்து சேரவே இல்லை. முதல் பாதி ஏழு கோடித் தமிழர்களுக்குப் போனது. மறுபாதி உலகத்துப் பெண்கள் எல்லாருக்கும் போனது.

விடுதியில் மகளிடம் இதைக் கொட்டித் தீர்த்தேன். அம்மா நடுநடுவே பேருந்துக் கதையையும் சேர்த்தார். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு உன்ன பாண்டின்னது தப்பு, சரி. அப்ப காலைல நீ அந்த பஸ்ஸ சொன்னது?" என்றாள்.

பதில் சொல்லாமல் காபி குடித்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பதில்.

எங்கள் தெருவில் ஒருவர் காரைக் கொண்டுபோய் மின்கம்பத்தில் இடித்தார். "ராத்திரி தூங்கலையாம்" என்றார்கள். "ஆபீஸ்ல டென்ஷன்" என்றார்கள். "ஒரு ரவுண்டு போட்டிருப்பாப்ல" என்றுகூடச் சொன்னார்கள், கோபமில்லாமல். "ஆம்பளைங்களுக்கே ஓட்ட வராது" என்று யாரும் சொல்லவில்லை. அதே தெருவில் நான் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பூந்தொட்டியை உடைத்தேன். காரணம் எதுவும் தேடப்படவில்லை. நான் பெண் என்பதே போதுமான காரணமாக இருந்தது. ஆணின் தவறு அன்றைக்கு நடந்த ஒரு சம்பவம். பெண்ணின் தவறு அவளுடைய இயல்புக்குச் சாட்சி. வெளிமாநில நம்பர் பிளேட்டுக்கும் இதே விதிதான் என்பதை மகள் கேட்ட பிறகுதான் பார்த்தேன். யார் நமக்குள் ஒருவரோ அவருக்குக் காரணம் கிடைக்கிறது. மற்றவர்களுக்குக் குணம்தான் கிடைக்கிறது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி நியாயமாகவே வரும். ஊருக்கு ஊர் ஓட்டும் முறை மாறத்தானே செய்கிறது? சாலைகள் தரத்தில் வேறுபடத்தானே செய்கின்றன? கண்ணால் கண்டதைச் சொல்லக்கூடாதா? சொல்லலாம். அந்தப் பேருந்து ஓட்டியவர் செய்தது ஆபத்தான காரியம். அந்தச் சர்வீஸ் ரோடு மனிதர்கள் போகத் தகுதியில்லாதது. இரண்டையும் மறுப்பது பெருந்தன்மை ஆகாது, பொய்யாகிவிடும். நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. "இவங்களே இப்படித்தான்" என்று சொல்லும்போது நான் எதைக் கேட்காமல் விடுகிறேன்?

அந்தப் பேருந்தையே எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் தனியார் பேருந்துகள் நிமிடக் கணக்கில் ஓடுகின்றன. இந்த நிறுத்தத்துக்கு இத்தனை மணிக்கு என்று நேரம் எழுதிக் கொடுத்திருக்கிறது. சர்வீஸ் ரோட்டில் இழந்த பத்து நிமிடத்தை ஓட்டுநர்தான் எங்காவது பிடிக்க வேண்டும். தாமதித்தால் பின்னால் வரும் பேருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு போய்விடும், வசூல் குறையும், வசூலை ஒட்டி அவர் கைக்கு வரும் படியும் குறையும். எங்கள் பொள்ளாச்சி ரோட்டில் தனியார் பேருந்துகள் ஒன்றையொன்று துரத்துவதும் இதே கணக்கில்தான். இதனால் அவர் குற்றம் இல்லாமல் போகாது. ஆனால் அந்த நேர அட்டவணையைப் போட்டவர் யார், மேம்பால வேலை நடக்கும்போது மாற்றுச் சாலையை ஒழுங்காகப் போடவேண்டியவர் யார் என்ற கேள்விகள் எழ வேண்டும். மலையாளிகளின் குணம் என்று சொல்லிவிட்டால் எழாது. இழிவுபடுத்துவதில் உள்ள பெரிய கேடு இதுதான் என்று நினைக்கிறேன்: இழிவுபட்டவருக்கு வலிக்கிறது, பொறுப்பானவர் தப்பித்துவிடுகிறார்.

பெண்கள் விஷயத்தில் இது நமக்கு நன்றாகவே தெரியும். என் தம்பி 14 வயதில் அப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றினான். விழுந்தான், எழுந்தான், முட்டியில் தையல் போட்டுக்கொண்டான். எனக்குக் கிடைத்தது சைக்கிள், அதுவும் பள்ளிக்கூடம் போய் வரும் வழி மட்டும். லைசென்ஸ் வாங்கிய முதல் வருடம் கடைக்கும் கோயிலுக்கும்தான் சாவி கொடுத்தார்கள்; ஹைவே என்றால் கணவர் வந்து உட்கார்ந்துகொள்வார். ஓட்டப் பழகுவதற்கு ஓட்ட வேண்டும், தவறு செய்ய இடம் வேண்டும். "பொம்பளைங்களுக்கு ஓட்ட வராது" என்ற வாக்கியம், சாவி யார் கையில் இருந்தது என்ற கேள்வியை மூடிவிடுகிறது.

சாலைகளைப் பற்றியும் கொஞ்சம் யோசித்தேன். கேரளத்துச் சாலைகள் குறுகல், நம் சாலைகள் அகலம் என்பது நம் பெருமைகளில் ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டரில் கேரளத்தில் ஏறத்தாழ 860 பேர், தமிழ்நாட்டில் 555 பேர். அங்கே சாலையோரம் முழுக்க வீடுகள். தேசிய நெடுஞ்சாலைக்கு 45 மீட்டர் அகலமா 30 மீட்டர் போதுமா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. அந்தக் குறுகலுக்குள் வீட்டை விட மறுத்தவர்களின் குரல் இருக்கிறது. நம் அகலத்துக்குள் யார் குரல் இருக்கிறது? 2018இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு, 277 கிலோமீட்டருக்கு, நிலம் அளக்க வந்தபோது வயலில் நின்று அழுத பெண்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நல்ல சாலை என்று நான் சொல்வது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டுதான். வேறு இடத்தில் நிற்பவளுக்கு அதன் பெயர் வேறாக இருக்கலாம்.

இனி எண்கள். மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு சாலை விபத்து அறிக்கையின்படி, அந்த ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். கேரளத்தில் விபத்துகள் 43,910, இறந்தவர்கள் 4,317 பேர். மக்கள்தொகையில் கேரளம் நம்மில் பாதிக்குச் சற்றுக் குறைவு, சாவுகளில் கால்வாசி. இதை வைத்துக்கொண்டு தமிழர்களுக்கே ஓட்டத் தெரியாது என்று முடிவுகட்டினால் நான் மறுபடியும் அதே பள்ளத்தில் விழுவேன். அகலமான சாலையில் வேகம் கூடும், மோதினால் பிழைப்பது அரிது. நாடு முழுக்க அந்த ஆண்டுச் சாவுகளில் நூற்றுக்கு 71 அதிவேகத்தின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. பக்கத்து மாநிலத்தைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தில் நாம் இல்லை.

அன்று திரும்பி வரும்போது வாளையாறு தாண்டியதும் அம்மா, "அப்பாடா, நம்ம ஊர் வந்தாச்சு. இனி நிம்மதி" என்றார். சிங்காநல்லூரில் இருக்கும் எங்களுக்கு அங்கிருந்து வீட்டுக்கு வழி, மதுக்கரை–நீலம்பூர் பைபாஸ். பல ஆண்டுகளாக இருவழிச் சாலையாகவே இருந்துவந்த, சுங்கமும் வசூலித்த, விபத்துகளுக்குப் பேர்போன சாலை. அந்த வழி முழுவதிலும் எனக்குக் கை நடுங்கும் இடம் அதுதான். எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்க, நடுவில் தடுப்பில்லாமல் லாரிகளோடு ஓட்ட வேண்டும். இத்தனை வருடத்தில் அதை நான் "தமிழ்நாட்டு ரோடு" என்று திட்டியதில்லை. "கான்ட்ராக்ட்ல ஏதோ சிக்கலாம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். நம்முடையது என்பதால் அதற்குக் காரணம் கிடைத்திருந்தது.

அதே பைபாஸில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது. சில மாதங்களுக்கு முன், இருட்டும் நேரம். டிபன் பை மாட்டிய மூன்று பெண்கள் சாலையைக் கடக்க நின்றார்கள், மில் ஷிப்ட் முடிந்து வருபவர்கள்போல. ஒருத்தி இரண்டடி இறங்கிவிட்டாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. ஹெட்லைட்டை அணைத்துப் போட்டு ஹாரன் அடித்தேன். அவள் சட்டென்று பின்னால் ஓடினாள். கண்ணாடியில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நான் வீட்டுக்குப் போய்த் தோசை சுட வேண்டும். அவளும்தான்.

அவளுக்கு நான் எந்த மாநிலத்து வண்டி? பெண் ஓட்டிய வண்டி என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா? 2022இல் நாடு முழுக்கச் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஸ்டியரிங் கையில் வந்ததும் நான் பெற்றது விடுதலை என்று நம்பியிருந்தேன். பாதி உண்மை. மறுபாதி, அந்தப் பேருந்து ஓட்டுநரின் ஹாரனும் என் கைக்கு வந்துவிட்டது. பெரிய வண்டி சின்ன வண்டியை ஒதுக்கும், சின்ன வண்டி நடப்பவரை ஒதுக்கும். இந்த வரிசையை ஆண்கள் உருவாக்கியிருக்கலாம். அதில் ஒரு படி ஏறி நின்றுகொள்வதைப் பெண்ணுரிமை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

கோபப்படாதீர்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். கோபத்துக்கு முகவரி வேண்டும் என்றுதான் சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் இடப்பள்ளி–மண்ணுத்தி நெடுஞ்சாலையின் நிலையைக் காட்டிப் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் வசூலைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அக்டோபரில் வசூல் மறுபடி தொடங்கியது என்றாலும், மோசமான சாலைக்கு ஏன் காசு என்ற கேள்வி சரியான வாசலில் போய் நின்றது. வழக்குப் போட்டவர்கள் எந்த ஊர்க்காரரையும் திட்டிக்கொண்டிருக்கவில்லை.

சென்ற மாதம் அம்மாவோடு மறுபடி திருச்சூர் போய்த் திரும்பினேன். பைபாஸில் ஏறக்குறைய அதே இடத்தில் பெண்கள் நின்றிருந்தார்கள். வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு நிறுத்தினேன். பின்னாலிருந்த கார் விடாமல் ஹாரன் அடித்தது. பெண்கள் கையைக் காட்டிக்கொண்டே வேகமாகக் கடந்தார்கள். பின்னால் இருந்தவர் என்னை ஒட்டி முந்திப் போகும்போது கண்ணாடியை இறக்கி, "லேடீஸுக்கெல்லாம் எதுக்குங்க ஹைவே?" என்று கத்திவிட்டுப் போனார்.

"இவன் எந்த ஊரு வண்டி கண்ணு?" என்று அம்மா கேட்டார்.

"நம்ம ஊருதாம்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.